நேப்பிள்ஸில் நல்ல பீட்சா உண்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலிக்குப் புறப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘நேப்பிள்ஸில் எந்தக் கடையில் பீட்சா நன்றாக இருக்கும்?’ என்பதுதான். இரண்டு பயணங்களில் அந்த நகரில் பதினொரு நாள்கள் தங்கி, பெரும்பாலான நாள்களில் இரு வேளையும் பீட்சாவே உண்ட பிறகும், ஒரே ஒரு கடையின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பெயர் பெற்ற கடைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு சிறியது. எந்த நேரத்தில் போகிறோம், எதைக் கேட்கிறோம், தட்டு வந்தபின் எவ்வளவு விரைவாக உண்கிறோம் என்பவற்றால் வரும் வேறுபாடுதான் பெரியது. எனவே இந்த வழிகாட்டி கடைப் பட்டியலில் தொடங்கவில்லை; கடைகள் அவற்றுக்குரிய இடத்தில் வரும்.

முதல் படி: தேடும் பண்டம் எது என்று அறிந்துகொள்ளுதல்

நேப்பிள்ஸ் பீட்சா நம் ஊர்ச் சங்கிலிக் கடைகளில் கிடைக்கும் தடித்த, மொறுமொறுப்பான பீட்சா அன்று. இதை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ளாதவர்கள் முதல் தட்டிலேயே ஏமாந்துபோகிறார்கள். 1984 ஆம் ஆண்டு அந்நகரின் பீட்சாக்காரர்கள் சேர்ந்து ‘அசலான நேப்பிள்ஸ் பீட்சாச் சங்கம்’ என்ற அமைப்பை உருவாக்கி, எது நேப்பிள்ஸ் பீட்சா என்பதற்கு எழுத்து வடிவில் விதிகளை வகுத்தார்கள். 2010 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் செய்முறைக்கு மரபுச் சிறப்புத் தகுதியை வழங்கியது. 2017 ஆம் ஆண்டு, பீட்சாவுக்கு அல்லாமல், அதைச் செய்யும் ‘பிட்சயுவோலோ’ என்னும் கைவினைஞரின் கலைக்கு யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது.

விதிகளின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கு மட்டுமே சேரலாம். எண்ணெயும் சர்க்கரையும் கூடாது. மாவுருண்டையைக் கையால்தான் விரிக்க வேண்டும், உருட்டுக்கட்டை ஆகாது. விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடுப்பகுதி கால் சென்டிமீட்டர் கனமே இருக்க வேண்டும். ‘கொர்னிச்சோனே’ என்று அவர்கள் அழைக்கும் விளிம்பு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உப்பியிருக்க வேண்டும். விறகடுப்பின் வெப்பம் சுமார் 485 டிகிரி செல்சியஸ். வேகும் நேரம் 60 முதல் 90 நொடிகள். இந்தக் கடைசி இரண்டு எண்களில்தான் எல்லா இரகசியமும் இருக்கிறது. அவ்வளவு கடுமையான வெப்பத்தில் அவ்வளவு குறைந்த நேரம் வேகும் மாவு, உள்ளே ஈரம் காய்வதற்குள் வெளியே வெந்துவிடுகிறது. அதனால் விளிம்பில் சிறுத்தைத் தோல்போலக் கரும்புள்ளிகள் விழுகின்றன. நடுப்பகுதியோ ஈரமாக, துவண்டு, தக்காளிச் சாறும் எண்ணெயும் கலந்து ததும்பியபடி இருக்கிறது. இதைப் ‘பாதி வெந்தது’ என்று நினைத்துத் திருப்பி அனுப்பும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். அது வெந்துதான் இருக்கிறது. அது அப்படித்தான் இருக்கும்.

வாய்ப்புக் கிடைத்தால் அடுப்புக்கு அருகிலுள்ள மேசையைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் பளிங்கு மேடையில் மாவுருண்டையை வைத்து, இரு கைகளின் விரல் நுனிகளால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அழுத்துவார். மாவுக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஓரத்துக்கு ஓடிச் சேரும். பிறகு அதைத் தூக்கி ஒரு கையிலிருந்து மறு கைக்கு அறைவதுபோல் புரட்டிப் போடுவார். பத்து நொடிகூட ஆகாது. தக்காளியைக் கரண்டியால் சுழற்றிப் பரப்பி, பாலாடைக்கட்டியைத் தூவி, நீண்ட மூக்குள்ள குப்பியிலிருந்து எண்ணெயை ஒரு சுருளாக ஊற்றுவார். அடுப்படியில் நிற்பவர் வேறொருவர். அவர் பீட்சாவைத் தட்டையான துடுப்பால் உள்ளே தள்ளி, அரை நிமிடம் கழித்துச் சிறு துடுப்பால் அதன் ஓரத்தைத் தொட்டுத் திருப்பி, இறுதியில் அதை அடுப்பின் கூரையை நோக்கி ஒரு நொடி தூக்கிப் பிடித்துவிட்டு வெளியே எடுப்பார். விளிம்பில் புள்ளிகள் விழுந்திருந்தும் அடிப்பாகம் கருகாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அடுப்படிக்காரரின் தேர்ச்சி அதில்தான் தெரியும்.

இரண்டாம் படி: நேரத்தையும் வரிசையையும் கணக்கிடுதல்

பழைய கடைகளில் பெரும்பாலானவை நண்பகலை ஒட்டித் திறந்து பிற்பகல் மூன்றரை மணி அளவில் மூடி, மாலை ஏழு மணிக்கு மீண்டும் திறக்கின்றன. இடையில் மூடாமல் நடக்கும் கடைகளும் உண்டு. ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுமுறை விடும் குடும்பக் கடைகள் பல. ஆகஸ்டு நடுவில், 15 ஆம் தேதித் திருநாளை ஒட்டி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கதவடைப்பதும் வழக்கம். என் முதல் பயணத்தில், தொல்பொருள் அருங்காட்சியகத்தில் பொம்பேயிச் சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டே நேரத்தை மறந்து, மூன்றே முக்காலுக்கு ஒரு கடை வாசலில் போய் நின்றேன். உள்ளே நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் எனக்குக் கிடைத்தது வாழைப்பழம்.

உள்ளூர் மக்கள் மதியம் ஒரு மணிக்குப் பிறகும், இரவு எட்டரை மணிக்குப் பிறகுமே அமர்கிறார்கள். ஆகவே கடை திறப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்பது சிறந்தது. மதியம் பதினொன்றே முக்கால், மாலை ஆறே முக்கால் என்று குறித்துக்கொள்ளுங்கள். வார நாள் மதியம் மிகவும் எளிது. சனிக்கிழமை இரவு புகழ்பெற்ற கடைகளின் பக்கம் போகவே வேண்டாம்.

வாசலில் கூட்டமாக நிற்பதை வரிசை என்று கருதி நீங்களும் பின்னால் போய் நிற்பது புதியவர்கள் செய்யும் பிழை. முதலில் உள்ளே சென்று எண்ணெழுதிய சீட்டை வாங்க வேண்டும், அல்லது வாசலில் இருப்பவரிடம் பெயரையும் ஆள் கணக்கையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியே காத்திருப்பதற்குப் பொருள் உண்டு. எண்ணை இத்தாலிய மொழியில்தான் கூவுவார்கள் என்பதால், உங்கள் சீட்டிலுள்ள எண்ணை எப்படி உச்சரிப்பார்கள் என்று அருகில் நிற்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் சுருக்கமான பெயரைக் கொடுங்கள். ழகரம் உள்ள என் பெயரை ஒலிபெருக்கி என்ன செய்ததோ தெரியவில்லை, மூன்று முறை அழைத்தும் எனக்குப் புரியாமல் என் மேசை வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த நாள் முதல் ‘அன்னா’ என்று சொல்லத் தொடங்கினேன், சிக்கல் தீர்ந்தது.

மூன்றாம் படி: தெருவைத் தேர்ந்தெடுத்தல்

நகரின் பழைய பகுதி, 1995 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கிரேக்கர்கள் வகுத்த நேர்த்தெருக்கள் இன்றும் அங்கே அப்படியே இருக்கின்றன. அவற்றில் நடுத்தெருவான வீயா தேய் திரிபுனாலியில் பீட்சாக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. 1935 ஆம் ஆண்டு தொடங்கிய சொர்பில்லோவும், 1936 ஆம் ஆண்டு தொடங்கிய டி மத்தேயோவும் இங்கேதான் உள்ளன. சொர்பில்லோவைத் தொடங்கிய தம்பதியருக்கு 21 பிள்ளைகள். அத்தனை பேரும் பீட்சாத் தொழிலுக்கே வந்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. 2024 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இதே கடை அன்னாசிப்பழப் பீட்சாவைப் பட்டியலில் சேர்த்தபோது இத்தாலி முழுவதும் வாக்குவாதம் எழுந்தது. டி மத்தேயோவுக்கு 1994 ஆம் ஆண்டு ஜி 7 மாநாட்டுக்காக வந்த அமெரிக்க அதிபர் கிளின்டன் சென்று பீட்சா உண்டார். அங்கே அடுப்படிக்கு முன்பாகத் தெருவைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும்; அதில் பொரித்த உருளைக்கிழங்கு உருண்டைகளையும், பாஸ்தாவை வெள்ளைச் சாற்றில் குழைத்து வட்டமாகத் தட்டிப் பொரித்த ‘ஃப்ரித்தத்தீனா’வையும் அடுக்கியிருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் ஒன்று வாங்கலாம். இரண்டு வாங்கினால் பீட்சாவுக்கு வயிற்றில் இடமிராது.

இதே தெருவின் மேற்கு முனையைக் கடந்து தாந்தே சதுக்கத்தை நோக்கி நடந்தால் போர்த்தால்பா வளைவு வரும். 1738 ஆம் ஆண்டு தெரு வியாபாரிகளுக்குப் பீட்சா செய்து கொடுக்கத் தொடங்கி, 1830 ஆம் ஆண்டு மேசை நாற்காலிகளுடன் கடையாக மாறிய இடம் இங்கே உள்ளது. உலகின் முதல் பீட்சாக் கடை என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது இதுவே.

கிழக்கே ஃபோர்செல்லா பகுதியில் இருக்கிறது ‘தா மிக்கேலே’. 1870 ஆம் ஆண்டு தொழிலைத் தொடங்கிய கொந்துரோ குடும்பம் 1930 ஆம் ஆண்டு முதல் இதே இடத்தில் கடை நடத்துகிறது. பல பத்தாண்டுகளாக மரினாரா, மார்கரித்தா ஆகிய இரண்டு பீட்சா வகைகளையே தயாரித்து வந்த கடை என்பதுதான் அதன் புகழுக்குக் காரணம். இப்போதும் பட்டியல் மிகச் சிறியதே. இங்கே பீட்சா தட்டையும் மீறி வெளியே தொங்கும். இந்தப் பாணியை ‘வண்டிச் சக்கரம்’ என்று சொல்கிறார்கள். விளிம்பு தாழ்வாகவும் மாவு மெல்லியதாகவும் இருக்கும். இதற்கு நேர் எதிரானது ‘கனோத்தோ’, அதாவது ‘காற்றடைத்த படகு’ என்ற புதிய பாணி. அதில் விளிம்பு ஊதிப் பெருத்திருக்கும். என் விருப்பம் சக்கரத்தின் பக்கம். விளிம்பையே பாதி வயிற்றுக்கு உண்ண வேண்டியிருந்தால் ரொட்டி வாங்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். இதை ஒப்பாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

சுற்றுலாக் கூட்டத்திலிருந்து சற்று விலக விரும்புகிறவர்கள் சுரங்க ரயிலின் 1 ஆம் தடத்தில் மத்தெர்தேய் நிலையத்தில் இறங்கட்டும். அங்கிருந்து சில நிமிட நடையில் 1901 ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்தாரீத்தா உள்ளது. இக்கடையின் சிறப்பு ‘மொந்தனாரா’: மாவை முதலில் எண்ணெயில் பொரித்து, அதன்மேல் தக்காளியும் புகையூட்டிய பாலாடைக்கட்டியும் இட்டு, மீண்டும் அடுப்பில் வைத்து எடுப்பார்கள். படிக்கும்போது எண்ணெய்ப் பண்டமாகத் தோன்றினாலும், வாயில் வைத்தால் பஞ்சுபோல் லேசாக இருக்கும். அதற்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் சனித்தா பகுதியில், 1951 ஆம் ஆண்டு தொடங்கிய ‘கொன்செத்தீனா அய் த்ரே சாந்தி’ இருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் ஏழைக்காகக் காபிக்குப் பணம் கட்டிவிட்டுப் போகும் பழைய நேப்பிள்ஸ் வழக்கத்தை இந்தக் கடை பீட்சாவுக்கும் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. உங்கள் கணக்கைத் தீர்க்கும்போது விரும்பினால் இன்னொன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்.

கடலோரத்தில் மெர்ஜெல்லீனா நிலையத்துக்கு அருகே ‘சின்க்வாந்தா காலோ’ உள்ளது. கனவுகளுக்கு லாட்டரி எண் சொல்லும் நேப்பிள்ஸ் மரபில் 50 என்பது ரொட்டியைக் குறிக்கும். ‘காலோ’ என்றால் கிரேக்க மொழியில் ‘நல்லது’. இந்தக் கடையின் மாவில் தண்ணீரின் அளவு அதிகம். இரவில் உண்டாலும் வயிறு கனக்காது. அமர்ந்து உண்ணும் இடம் வசதியாக இருக்க வேண்டும், முதியவர்களுடன் செல்கிறோம் என்றால் பழைய நகரின் நெரிசலைவிட இதையே பரிந்துரைப்பேன்.

பிராந்தி என்ற கடையையும் குறிப்பிட்டாக வேண்டும். 1889 ஆம் ஆண்டு இத்தாலிய அரசி மார்கரித்தா நேப்பிள்ஸுக்கு வந்தபோது, ரஃபேலே எஸ்பொசித்தோ என்பவர் அவருக்காகத் தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை ஆகிய மூவண்ணத்தில் ஒரு பீட்சாவைச் செய்து, அதற்கு அரசியின் பெயரையே சூட்டினார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதன் நூற்றாண்டை நினைவுகூரும் கல்வெட்டு கடைச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அரண்மனையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் நன்றிக் கடிதத்தின் உண்மைத்தன்மையை வரலாற்று ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். மேலும், அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே மொசரெல்லாவும் பேசிலும் இட்ட பீட்சா இந்நகரில் விற்கப்பட்டதற்கு எழுத்துச் சான்று உள்ளது. கல்வெட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள், அது போதும்.

நான்காம் படி: எதைக் கேட்பது

ஒரு கடையை எடைபோட வேண்டுமானால் முதலில் மரினாராவைக் கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஒரெகானோ, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைத் தவிர அதில் வேறெதுவும் கிடையாது. பாலாடைக்கட்டி எந்தக் குறையையும் மூடி மறைத்துவிடும். மரினாராவில் மாவும் தக்காளியும் தனித்து நிற்பதால் மறைய இடமில்லை. கடலைக் குறிக்கும் பெயரைப் பார்த்து மீன் இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். இது மீனவர்களின் உணவு, மீன் உணவு அன்று. இருவராகச் சென்றால் ஒரு மரினாரா, ஒரு மார்கரித்தா என்று கேட்டுப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். மார்கரித்தாவில் வழக்கமாக இடுவது பசும்பாலில் செய்த ‘ஃபியோர் தி லாத்தே’. எருமைப்பால் மொசரெல்லா வேண்டுமானால் ‘புஃபாலா’ என்று தனியாகக் கேட்க வேண்டும். சற்று விலை கூடும், சுவை கூடும், தட்டில் தண்ணீரும் கூடும். மேலே கிடக்கும் பேசில் இலையை முகர்ந்து பார்த்தால் நம் திருநீற்றுப்பச்சையின் நினைவு வரும். இரண்டும் ஒரே செடியினம்தான்.

சைவ உணவினர் சில பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது. இத்தாலிய மொழியில் ‘பெப்பெரோனி’ என்றால் குடைமிளகாய்; அமெரிக்காவில் அந்தப் பெயரில் வரும் இறைச்சியை நினைத்து அஞ்சவும் வேண்டாம், அசைவர்கள் ஆசைப்படவும் வேண்டாம். ‘சல்சிச்சா’ என்பது பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. ‘அலீச்சி’ என்பது நெத்திலி. ‘சீக்கொலி’ என்பது பன்றிக் கொழுப்பு வறுவல். ‘ரிப்பியேனோ’ என்று மடித்து வரும் பீட்சாவுக்குள் பெரும்பாலும் சலாமி இருக்கும். ‘சென்சா கார்னே’ என்றால் ‘இறைச்சி இல்லாமல்’. இன்னொரு நுட்பமும் உண்டு: பார்மிஜானோ பாலாடைக்கட்டியிலும், சட்டப் பாதுகாப்புப் பெற்ற பெயர் கொண்ட எருமை மொசரெல்லாவிலும் பாலைத் திரிப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்துகிறார்கள். அதையும் தவிர்ப்பவர்களுக்கு மரினாராவே நேரான வழி. காரம் வேண்டுமானால், பூண்டும் மிளகாயும் சேர்த்து வதக்கிய ‘ஃப்ரியாரியெல்லி’ என்ற கசப்புக் கீரையைப் புகையூட்டிய புரொவோலா பாலாடைக்கட்டியுடன் கேட்டுப் பாருங்கள். வழக்கமாக அதனுடன் தொத்திறைச்சியும் சேர்ந்தே வரும் என்பதால் ‘சென்சா சல்சிச்சா’ என்று சொல்ல மறக்காதீர்கள்.

பழைய கடைகளில் ஒரு மார்கரித்தாவின் விலை பெரும்பாலும் பத்து யூரோவுக்குள் அடங்கிவிடும். கணக்குச் சீட்டில் ‘கோப்பெர்த்தோ’ என்று ஒரு சிறு தொகை இருந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று அன்று. தனியாக அன்பளிப்புத் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஐந்தாம் படி: உண்ணும் முறை

இங்கே பீட்சா ஆளுக்கொன்று. வெட்டாமல் முழுதாகத்தான் வரும். கத்தியும் முள்கரண்டியும் பக்கத்தில் இருக்கும். ஈரமான நடுப்பகுதியை முதலில் கரண்டியால் உண்டுவிட்டு, விளிம்பு சேர்ந்த பகுதிகளைக் கையால் மடித்து உண்பது வசதியானது. புகைப்படத்துக்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஒதுக்காதீர்கள். அடுப்பிலிருந்து வந்த ஐந்து நிமிடத்தில் இந்த மாவின் உச்சம் கடந்துவிடும்; பத்து நிமிடத்தில் அது தோல்போல் இழுபடத் தொடங்கும். விடுதி அறைக்கு அட்டைப் பெட்டியில் வாங்கிச் செல்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய பெட்டிக்குள் ஆவி சுற்றிச் சுற்றி, அந்த அருமையான விளிம்பை நனைந்த துணியாக்கிவிடும்.

நடந்துகொண்டே உண்ண வேண்டுமானால் அதற்கென்றே ஒரு வகை இருக்கிறது. சிறியதாகச் சுட்ட மார்கரித்தாவை நான்காக மடித்துத் தாளில் வைத்துத் தருவார்கள். பணப்பை என்ற பொருளில் ‘போர்த்தஃபோலியோ’ என்று பெயர். இரண்டு மூன்று யூரோவில் காலைப் பசி தீர்ந்துவிடும். கூம்பின் முனையைக் கீழே பிடித்து, மேற்பகுதியிலிருந்து கடித்துக்கொண்டே வர வேண்டும். சட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். முனையில் தேங்கும் எண்ணெய் கடைசியில் பழிவாங்கும்.

ஆறாம் படி: பொரித்த பீட்சாவைக் கடைசிக்கு வைத்தல்

இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசப்பட்டுச் சிதைந்த நகரில், விறகடுப்பும் மொசரெல்லாவும் எட்டாக்கனியான காலத்தில், பெண்கள் வீட்டு வாசலிலேயே எண்ணெய்ச் சட்டியை வைத்து மாவைப் பொரித்து விற்றார்கள். வாங்குகிறவரிடமும் காசில்லை, எனவே இன்று உண்டு எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் ‘பீட்சா ஃப்ரித்தா’ இன்று பெருமைக்குரிய பண்டம். ரிக்கொட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி, புரொவோலா, மிளகு, சீக்கொலி ஆகியவற்றை உள்ளே வைத்து மூடிப் பொரிக்கிறார்கள். சைவர்கள் சீக்கொலி வேண்டாம் என்று சொல்வதோடு, எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்குப் பெயர் பெற்ற லா மசர்தோனா 1945 ஆம் ஆண்டு தொடங்கியது; கரிபால்தி சதுக்கத்து மைய ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். ஆகையால் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளின் மதியத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் போதும். முழு அளவு ஒருவருக்கு மிகப் பெரியது. சிறிய அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். கையில் வந்ததும் அவசரப்பட்டுக் கடிக்காமல் ஓர் ஓரத்தைக் கிள்ளிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். உள்ளே அடைபட்டிருக்கும் ஆவி வெளியேறட்டும். நான் பொறுக்கவில்லை. ரோம் போய்ச் சேரும்வரை நாக்கு நுனி எரிந்துகொண்டே இருந்தது.